கணிப்பொறி வலையமைப்பு: தேவை அறிதலே முதற்படி

அரசு அலுவலகமாயினும் வணிக நிறுவனமாயினும், அதன் கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைப்பது என்று முடிவெடுத்தவுடன் பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி, "எந்தக் கருவியை வாங்குவது?" என்பதாகும். விலைப்புள்ளிகள் கோரப்படுகின்றன, விற்பனையாளர்கள் வருகின்றனர், கருவிகளின் பட்டியல் தயாராகிறது. நிறுவனத்தின் அன்றாடப் பணி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை எவரும் எழுதி வைப்பதற்கு முன்னரே பணம் செலவாகி விடுகிறது.

உண்மையில் முதற் கேள்வி வேறு. எந்தச் செய்தி, யாரிடமிருந்து யாருக்கு, எவ்வளவு நேரத்திற்குள் போய்ச் சேர வேண்டும்? அது போய்ச் சேராவிடில் யாருக்கு என்ன இழப்பு? இவற்றிற்கு விடை கண்டு, அவ்விடைகளை அளக்கத்தக்க எண்களாக மாற்றுவதே தேவை திரட்டலும் தேவைப் பகுப்பாய்வும் ஆகும். வலையமைப்பு வடிவமைப்பின் அடித்தளம் இதுவே. இப்பணியின் இயல்பை விளங்கிக் கொள்வதற்குக் கேரளத்தின் கொச்சி நகரிலுள்ள மட்டாஞ்சேரி மிகப் பொருத்தமான களமாகும். கணிப்பொறி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே செய்தியை நம்பி வணிகம் நடத்திய ஊர் அது.

மிளகுச் சந்தையின் செய்தி வலை

மட்டாஞ்சேரியின் கடைவீதியில் மிளகு, சுக்கு, ஏலம், மஞ்சள் ஆகியவற்றின் கிடங்குகள் காயலை ஒட்டி வரிசையாக அமைந்துள்ளன. முன்பக்கம் வீதி, பின்பக்கம் படகுத்துறை. மலைப்பகுதிகளிலிருந்து வந்த சரக்கு இங்கே தூற்றப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு, கப்பலேறியது. குஜராத்தியர், கொங்கணியர், கச்சி மேமன்கள், யூதர், தமிழர், மலையாளிகள் எனப் பல சமூகத்தினர் இங்கே அடுத்தடுத்து வாழ்ந்து வணிகம் செய்தனர். 1920களிலும் 1930களிலும் ராபர்ட் பிரிஸ்டோவின் பொறுப்பில் துறைமுகம் ஆழப்படுத்தப்பட்டு, தோண்டிய மண்ணால் வில்லிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. அதன் பின்னர் கிடங்கு ஒரு கரையிலும், துறைமுகமும் சுங்க அலுவலகமும் மறுகரையிலும் அமைந்தன. சரக்கு மட்டுமன்றிச் செய்தியும் நீரைக் கடந்தே செல்ல வேண்டியதாயிற்று.

இங்குள்ள யூதத் தெருவில் 1957ஆம் ஆண்டு முதல் இயங்கிய இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கம், மிளகில் முன்பேர வணிகத்தை நடத்தி வந்தது. எதிர்வரும் ஒரு மாதத்தில் கொடுக்கப்போகும் சரக்கிற்கு இன்றே விலை உறுதி செய்வது முன்பேரம் ஆகும். கூடத்தில் தரகர்கள் கூடி உரத்த குரலில் விலை கூறினர். தொலைபேசி வழியே வெளியூர்க் கட்டளைகள் வந்தன. 1997ஆம் ஆண்டில் இச்சங்கம் பன்னாட்டு அளவிலான மிளகு ஒப்பந்தத்தையும் தொடங்கியது.

புறத்தே இருந்து காண்பவருக்கு அக்கூடம் வெறும் கூச்சலாகத் தோன்றலாம். பகுப்பாய்வாளரின் கண்ணுக்கு அது ஒழுங்கான செய்தித் தொடர்பு ஏற்பாடாகும். கூறப்பட்ட விலை கூடத்திலுள்ள அனைவருக்கும் ஒரே நேரத்தில் கேட்டது. கூறியவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. வாங்குபவர் ஏற்றுக்கொண்டது உடனே உறுதியாயிற்று. ஐயம் எழுந்தால் அங்கேயே தீர்க்கப்பட்டது. பின்னர் பேரம் ஏட்டில் பதிவாயிற்று. அனைவருக்கும் ஒரே நேரம், அனுப்புநரின் அடையாளம், பெற்றமைக்கு உறுதி, பிணக்குத் தீர்வு, நிலையான பதிவு ஆகிய இந்த ஐந்தையும் எந்த மின்னணு வணிக வலையமைப்பும் நிறைவேற்றியாக வேண்டும். பழைய முறையைப் பழமை என்று ஒதுக்காமல் உற்று நோக்கினால், தேவைப் பட்டியலில் பாதி அதிலேயே அடங்கியிருக்கக் காணலாம்.

தேவை என்பது யாது?

நிறுவனத்தினர் கூறும் விருப்பம் வேறு, தேவை வேறு. "இணைப்பு விரைவாக இருக்க வேண்டும்" என்பது விருப்பம். "மாலை 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையில், 12 பக்க ஏற்றுமதி ஆவணம் தலைமை அலுவலகத்திலிருந்து தீவிலுள்ள கிளைக்கு, 100 முறையில் 95 முறையேனும் 5 நொடிக்குள் சேர வேண்டும்" என்பது தேவை. இரண்டாவதை அளக்க முடியும். வேலை முடிந்தபின் சோதித்துப் பார்க்க முடியும். நிறைவேறாவிடில் ஒப்பந்தக்காரரைக் கேட்க முடியும்.

தேவைகளை இரு வகையாகப் பிரிப்பது வழக்கம். வலையமைப்பின் வழியே என்னென்ன பணிகள் நடைபெற வேண்டும் என்பது முதல் வகை: எடைப் பதிவு, இருப்புக் கணக்கு, ஆவணப் பரிமாற்றம், குரல் உரையாடல், கண்காணிப்பு ஒளிப்படம் முதலியன. அப்பணிகள் எத்தகைய தன்மையோடு நடைபெற வேண்டும் என்பது இரண்டாம் வகை: எவ்வளவு விரைவு, எவ்வளவு நம்பகம், எத்தகைய பாதுகாப்பு, எவ்வளவு செலவு என்பன. முதல் வகையை யாவரும் எளிதில் கூறிவிடுவர். இரண்டாம் வகையை வினவித்தான் பெற வேண்டும்.

இவற்றோடு கட்டுப்பாடுகளும் உள்ளன. வரவு செலவுத் திட்டத்தின் எல்லை, ஏற்கெனவே வாங்கிய கருவிகள், கட்டடத்தின் நிலை, முடிக்க வேண்டிய காலம் ஆகியவற்றை நிறுவனம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஏற்றே ஆக வேண்டும். இவையும் தேவை ஆவணத்தில் இடம் பெறுதல் அவசியம்.

யாரைக் கேட்பது?

தேவை திரட்டலில் நேரும் பெரும் பிழை, மேசையும் நாற்காலியும் உடையோரை மட்டும் கேட்பதாகும். ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் உரிமையாளர், கணக்கர், ஏற்றுமதி மேலாளர் ஆகியோர் தத்தம் தேவைகளைத் தெளிவாகக் கூறுவர். கிடங்கில் எடை போடுபவர், சரக்கைத் தூய்மை செய்து தரம் பிரிக்கும் பெண்கள், சுமை தூக்கும் தொழிலாளர், இரவுக் காவலர் ஆகியோரை எவரும் கேட்பதில்லை. ஆனால் செய்தி பிறக்கும் இடம் அவர்கள் நிற்கும் இடமே.

எடைச் சீட்டை எடுத்துக்கொள்ளலாம். அது இருப்புக் கணக்கிற்குரிய தாள் என்று அலுவலகம் கருதுகிறது. அதே சீட்டு, சுமை இறக்கிய மூட்டைகளின் எண்ணிக்கைக்கும், அதன்வழி கூலிக் கணக்கிற்கும் ஆதாரமாக இருக்கக்கூடும். கேரளத்தில் சுமைத் தொழிலாளரின் வேலையையும் கூலியையும் முறைப்படுத்த 1978ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இணைப்பு அறுந்ததால் எடைச் சீட்டு அச்சாகவில்லை என்றால், அலுவலகத்திற்கு அது அரை நாள் தாமதம். தொழிலாளிக்கு அன்றைய கூலி. இணைப்பு இல்லாதபோதும் எடைப் பதிவு கிடங்கிலேயே நடைபெற்று, இணைப்பு திரும்பியதும் தானே தலைமை அலுவலகம் சேர வேண்டும் என்ற தேவை, தொழிலாளியை வினவியபின்தான் வெளிப்படும்.

ஆதலால் நேர்காணல் ஒன்றே போதாது. பணி நடைபெறும் இடத்தில் இருந்து உற்று நோக்குதல், வினாத்தாள் வழி கருத்தறிதல், பயன்பாட்டிலுள்ள படிவங்களையும் பேரேடுகளையும் ஆராய்தல், இருக்கின்ற இணைப்பில் செல்லும் சுமையைக் கருவி கொண்டு அளத்தல் ஆகிய வழிகளையும் சேர்த்துக் கையாள வேண்டும். மக்கள் கூறுவதும் செய்வதும் பல நேரங்களில் வேறுபடும். "மின்னஞ்சலில்தான் ஆவணம் அனுப்புகிறோம்" என்று அலுவலகம் கூறலாம். தம் சொந்தக் கைப்பேசியில் ஒளிப்படம் எடுத்து அனுப்புவதே அங்கு உண்மை நடைமுறையாக இருக்கலாம். வழக்கம் எவ்வாறு உருவாயிற்று, எந்தக் குறையை அது நிரப்புகிறது என்று கண்டறிவதும் பகுப்பாய்வாளரின் கடமை.

மொழியும் ஒரு தேவையே. மட்டாஞ்சேரி போன்ற பன்மொழிச் சந்தையில் கிடங்குத் திரையில் தோன்றும் சொற்கள் மலையாளத்திலோ தமிழிலோ இருந்தால்தான் பலருக்குப் பயன்படும். இது கடத்து திறனைக் கூட்டுவதில்லை, பிழையைக் குறைக்கிறது.

இத்தகைய விரிந்த ஆய்வின் பயனை நம் நாடு முன்பே கண்டுள்ளது. 1980களின் நடுவில் டெல்லியில் ரயில் முன்பதிவு கணிப்பொறி மயமாக்கப்பட்டபோது, இயந்திரத்தை நிறுவுவதைவிடக் கடினமாக இருந்தது, வண்டி வகை, பெட்டி வகை, ஒதுக்கீடு, சலுகை ஆகியவற்றிற்கு நெடுங்காலமாக வளர்ந்திருந்த விதிகளைத் திரட்டி ஒழுங்குபடுத்துவதாகும். தனித்தனியே இயங்கிய ஐந்து மையங்கள் 1999ஆம் ஆண்டில் ஒன்றாக இணைக்கப்பட்டபின், எந்த மையத்திலிருந்தும் எந்த வண்டிக்கும் இடம் பெறுவது இயல்வதாயிற்று. மாவட்ட நிர்வாகத்தின் தேவைகளை முன்வைத்துத் தேசியத் தகவல் மையம் 1980களின் பிற்பகுதியில் செயற்கைக்கோள் வழி மாவட்டத் தலைநகரங்களை இணைத்ததும் குறிப்பிடத்தக்கது.

சொல்லை எண்ணாக மாற்றுதல்

திரட்டிய செய்திகளை எண்களாக மாற்றும் கட்டமே பகுப்பாய்வு. ஐந்து கிடங்குகளும் கடைவீதியில் தலைமை அலுவலகமும் வில்லிங்டன் தீவில் ஒரு கிளையும் கொண்ட நிறுவனம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கீழ்வரும் எண்கள் கணக்கிடும் முறையை விளக்குவதற்காகக் கொள்ளப்பட்டவை.

ஒவ்வொரு கிடங்கிலும் நாளொன்றுக்கு 120 எடைப் பதிவுகள், பதிவு ஒன்றுக்கு 4 கிலோபைட் எனில், ஐந்து கிடங்குகளுக்கும் சேர்த்து 600 பதிவுகள், மொத்தம் 2.4 மெகாபைட். நாளொன்றுக்கு 40 ஏற்றுமதித் தொகுதிகள், தொகுதி ஒன்றுக்கு 12 பக்கங்கள், பக்கம் ஒன்றுக்கு 200 கிலோபைட் எனில், ஆவணச் சுமை 96 மெகாபைட். வணிகத்தின் முழுச் சுமையும் 100 மெகாபைட்டுக்குள் அடங்கி விடுகிறது.

இனி, கிடங்குகளில் 20 கண்காணிப்பு ஒளிப்படக் கருவிகள் உள்ளன என்றும், ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் அனுப்புகிறது என்றும் கொள்ளலாம். மொத்தம் நொடிக்கு 40 மெகாபிட். இரவும் பகலும் இது ஓடினால் நாளொன்றுக்கு 432 கிகாபைட் ஆகிறது. நிறுவனத்தின் உயிர்நாடியான வணிகச் செய்தியைக் காட்டிலும் இது நாலாயிரம் மடங்குக்கும் மேல். பெரிய இணைப்பை வாங்கியும் ஆவணம் மெதுவாகவே செல்கிறது என்ற குறைபாட்டின் வேர் பல அலுவலகங்களில் இங்கேதான் இருக்கிறது.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி, 20 கருவிகளின் படத்தையும் தலைமை அலுவலகத்தில் எவர், எப்பொழுது பார்க்கிறார் என்பதாகும். எப்பொழுதேனும் இரண்டு படங்களை மட்டுமே பார்க்கின்றனர் எனத் தெரிந்தால், பதிவுகளைக் கிடங்கிலேயே சேமித்து, கேட்கும்போது மட்டும் அனுப்பினால் போதும். அப்பொழுது சுமை நொடிக்கு 40 மெகாபிட்டிலிருந்து 4 ஆகக் குறைந்து விடுகிறது. ஒரு வினாவினால் கிடைத்த சிக்கனம் இது.

அடுத்து, சராசரி எண் ஏமாற்றக்கூடியது. ஆவணங்களில் 40 விழுக்காடு மாலை 4 முதல் 5 மணிக்குள் செல்கிறது எனில், அந்த ஒரு மணி நேரச் சுமை 38.4 மெகாபைட், அதாவது சராசரியாக நொடிக்கு 0.085 மெகாபிட் மட்டுமே. இவ்வெண்ணை மட்டும் கண்டு மிகச் சிறிய இணைப்பே போதும் என்று முடிவு செய்தல் தவறாகும். 12 பக்க ஆவணம் 2.4 மெகாபைட்; அதாவது 19.2 மெகாபிட். அது 5 நொடிக்குள் சேர வேண்டுமானால் நொடிக்கு 3.84 மெகாபிட் தேவை. மூவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் 11.52 மெகாபிட். இதனுடன் 10 குரல் உரையாடல்களுக்கு 1 மெகாபிட், பார்வைக்குரிய இரண்டு படங்களுக்கு 4 மெகாபிட் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 16.5 மெகாபிட். இணைப்பின் திறனில் 60 விழுக்காட்டிற்கு மேல் சுமை ஏறலாகாது என்ற முன்னெச்சரிக்கையைக் கொண்டால் 27.5 மெகாபிட், அதாவது நொடிக்கு 30 மெகாபிட் இணைப்பு போதுமானது. ஒளிப்படக் கருவிகள் அனைத்தையும் சேர்த்திருந்தால் ஏறத்தாழ 88 மெகாபிட் வாங்க நேர்ந்திருக்கும்.

இக்கணக்கு கற்பிப்பவை இரண்டு. இணைப்பின் அளவை முடிவு செய்வது நாள் முழுவதற்குமான மொத்தச் சுமையன்று. நெருக்கடி வேளையில் காத்திருக்கத்தக்க கால அளவே. மேலும், ஒவ்வொரு சுமைக்கும் முன்னுரிமை வகுக்கப்பட வேண்டும். குரல் தாமதத்தைத் தாங்காது. ஆவணம் சில நொடி தாங்கும். நாள் இறுதிக் கணக்குப் படி இரவு வரை தாங்கும்.

இடையூறும் மாற்று வழியும்

இணைப்பு எவ்வளவு நேரம் இயங்காதிருக்கலாம் என்பது அடுத்த கேள்வி. "எப்போதும் இயங்க வேண்டும்" என்ற விடையே எங்கும் கிடைக்கும். அதன் பொருளை எண்ணால் காட்டினால்தான் செலவைப் பற்றிய தெளிவு பிறக்கும். ஆண்டிற்கு 8,760 மணி நேரம். 99 விழுக்காடு இயங்கும் இணைப்பு ஆண்டிற்கு 87.6 மணி நேரம் நின்றுபோகலாம், 99.9 விழுக்காடு எனில் 8.76 மணி; 99.99 விழுக்காடு எனில் 53 நிமிடம். ஒவ்வொரு படி உயர்வுக்கும் செலவு பன்மடங்காகிறது. 87 மணி நேரமும் நள்ளிரவில் நின்றால் மிளகு ஏற்றுமதியாளருக்கு இழப்பில்லை. கப்பலுக்குச் சரக்கு ஒப்படைக்கும் கடைசி நாளின் மாலையில் இரண்டு மணி நேரம் நின்றால், பெட்டகம் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க நேரலாம்.

99 விழுக்காடு நம்பகம் உடைய இரண்டு இணைப்புகளை வாங்கினால், இரண்டும் ஒருசேர அறும் வாய்ப்பு நூற்றில் ஒன்றின் நூற்றில் ஒன்று. ஆகவே நம்பகம் 99.99 விழுக்காடாக உயரும் என்பது ஏட்டுக் கணக்கு. இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானத்தின் மீதே அக்கணக்கு நிற்கிறது. மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படி வழியாக வில்லிங்டன் தீவிற்கும், அங்கிருந்து வெண்டுருத்தி வழியாக எர்ணாகுளத்திற்கும் செல்லும் பாதை பாலங்களைச் சார்ந்தது. இரு வேறு நிறுவனங்களிடமிருந்து வாங்கிய இரு வடங்களும் ஒரே பாலத்தின் மீது, ஒரே குழாயினுள் சென்றால், பாலத்தில் நடைபெறும் ஒரு பழுதுவேலை இரண்டையும் ஒரே நாளில் அறுத்துவிடும். எனவே "இரண்டு இணைப்பு" என்று எழுதுவது தேவை ஆகாது; "ஒரே பாலத்தையோ ஒரே குழாயையோ பயன்படுத்தாத இரண்டு வழிகள்" என்று எழுதுவதே தேவை. இரண்டாவது வழி கம்பியில்லா முறையாகவும் இருக்கலாம்.

கொச்சி பன்னாட்டுக் கடலடி வடங்கள் கரையேறும் ஊராகவும் விளங்குகிறது. 1999ஆம் ஆண்டில் பயனுக்கு வந்த சீ-மீ-வீ 3, 2002இல் வந்த சேஃப் ஆகிய வடங்கள் இங்கே கரையேறின. ஆயினும் கண்டங்களை இணைக்கும் வடம் அருகில் இருப்பதனாலேயே கிடங்கின் வாயிலுக்கு நல்ல இணைப்பு வந்துவிடுவதில்லை. கடைசிச் சில நூறு மீட்டர்களே பெரும்பாலும் தடையாக அமைகின்றன.

இடமும் வானிலையும்

தேவை ஆவணத்தில் ஊரின் மண்ணும் காற்றும் இடம்பெற வேண்டும். மட்டாஞ்சேரியின் பழைய கட்டடங்கள் தடித்த செங்கற்பாறைச் சுவர்களும் ஓட்டுக் கூரைகளும் கொண்டவை. அத்தகைய சுவர்கள் கம்பியில்லா அலைகளை வெகுவாகத் தடுக்கின்றன. ஓர் அறைக்கு ஏற்ற கருவி அடுத்த அறைக்குப் பயன்படாமல் போகலாம். வரைபடத்தை மட்டும் கண்டு கருவிகளின் எண்ணிக்கையை முடிவு செய்யாமல், இடத்திலேயே அலைவலிமையை அளந்து பார்த்தல் நன்று. சரக்கு நிறைந்த கிடங்கிலும் காலியான கிடங்கிலும் அளவு வேறுபடும் என்பதால், அறுவடைக்குப் பிந்தைய மாதங்களில் அளப்பது பயன் தரும்.

கடற்காற்றின் உப்பும் ஈரமும் இணைப்புமுனைகளை அரிக்கின்றன. மிளகு, சுக்கு ஆகியவற்றின் தூசி கருவிகளின் காற்றுத் துளைகளை அடைக்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் கேரளத்தில் பிற்பகல் இடிமழை மிகுதி. கட்டடங்களுக்கு இடையே செம்புக் கம்பி இழுத்தால் மின்னல் தாக்குதல் கருவிகளை எரித்து விடக்கூடும். கட்டடங்களுக்கிடையே கண்ணாடி இழை வடம், முறையான நிலத்தொடர்பு, தூசி புகாத மூடிய பெட்டி, தரைமட்டத்திற்கு மேல் உயரத்தில் கருவிகள், மின்தடையின்போது குறைந்தது எத்தனை மணி நேரம் மின்கலத்தில் இயங்க வேண்டும் என்ற அளவு ஆகியவை ஆடம்பரங்கள் அல்ல. இடம் விதிக்கும் தேவைகள்.

சட்டம் விதிக்கும் தேவைகள்

சில தேவைகளை நிறுவனத்தில் எவரும் கேட்கமாட்டார், சட்டம் கேட்கும். கணிப்பொறி அவசரநிலை உதவிக் குழு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட நெறிகளின்படி, குறிப்பிட்ட வகைப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். கருவிகளின் செயற்பதிவேடுகளை 180 நாட்கள் காத்து வைக்க வேண்டும். கடிகாரங்களை அங்கீகரிக்கப்பட்ட நேர ஆதாரத்தோடு ஒத்திசைக்க வேண்டும். 180 நாள் பதிவேட்டிற்குச் சேமிப்பிடம் வேண்டும். 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டுமானால், நிகழ்வைக் கண்டறியும் பொறுப்பு இரவிலும் ஒருவரிடம் இருக்க வேண்டும். இவை வடிவமைப்பு முடிந்தபின் நினைவுக்கு வந்தால் செலவு இரட்டிப்பாகும்.

யார் எதைக் காணலாம் என்ற வரையறையும் இங்கேயே செய்யப்பட வேண்டும். வாங்கும் விலை போட்டியாளருக்குத் தெரியலாகாது என்பது உரிமையாளரின் கவலை. கணக்காய்வாளருக்கு அது தெரிந்தாக வேண்டும். தரச் சான்று வாங்குபவருக்குச் செல்ல வேண்டும், திருத்தப்படவும் கூடாது. முரண்படும் இத்தேவைகளை எழுதி, உரியவரை ஒன்றாக அமர்த்தி, முடிவையும் முடிவெடுத்தவர் பொறுப்பையும் பதிவு செய்தல் நலம்.

மாறும் உலகிற்கு இடமளித்தல்

வலையமைப்பு பல ஆண்டுகளுக்கு உழைக்க வேண்டியது. ஆகவே இன்றைய தேவையோடு நாளைய மாற்றமும் எண்ணப்பட வேண்டும். கொச்சியின் பெட்டகப் போக்குவரத்து வில்லிங்டன் தீவில் நடைபெற்றது. 2011ஆம் ஆண்டில் வல்லார்பாடம் முனையம் தொடங்கப்பட்டபின் அது அங்கே மாறியது. தீவிலுள்ள கிளை அலுவலகத்தை மட்டுமே நம்பி இணைப்பு அமைத்திருந்தோர் புதிய இடத்திற்கு வழி காண நேர்ந்திருக்கும். முன்பேர வணிகத்தைக் கண்காணித்த முன்பேரச் சந்தை ஆணையம் 2015ஆம் ஆண்டில் பங்கு பரிவர்த்தனை வாரியமான செபியுடன் இணைக்கப்பட்டது. அறிக்கை செல்லும் இடம் மாறியது. 2023 ஜூன் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்ட கே-ஃபோன் என்னும் கேரள இழைவட வலையமைப்பு, சுமார் 30,000 அரசு அலுவலகங்களை இணைக்கும் நோக்கம் உடையது. இதனால் அரசு அலுவலகங்களோடு நடைபெறும் பரிமாற்றத்தின் அளவும் பெருகும். இடம், சட்டம், துணை நிறுவனம் ஆகிய மூன்றும் மாறக்கூடியவை என்ற எண்ணம் வடிவமைப்பில் இருத்தல் வேண்டும்.

மிளகு தந்த படிப்பினை

தேவைப் பட்டியலில் விடுபட்டது எதுவோ அது வலையமைப்பிலும் விடுபடும். இதன் விளைவை மட்டாஞ்சேரி கண்கூடாகக் கண்டது. 2004ஆம் ஆண்டில் தேசிய மின்னணுச் சந்தையில் மிளகு ஒப்பந்தம் தொடங்கியபின், யூதத் தெருக் கூடத்தின் பேரம் தேய்ந்தது. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் எவரும் ஒரு நொடியில் மிளகு வாங்கவும் விற்கவும் முடிந்தது. விலை அனைவருக்கும் தெரிந்தது. ஒவ்வொரு பேரமும் பதிவாயிற்று. இவை பெரும் நன்மைகள். அதே வேளையில், மிளகைக் கையில் அள்ளி, லிட்டர் எடையையும் ஈரப்பதத்தையும் மணத்தையும் அறிந்து பேரம் பேசியவர்களின் தொகை, திரையில் பேரம் பேசுவோரிடையே குறைந்தது.

2012 டிசம்பரில், கொச்சியில் மின்னணுச் சந்தை ஒப்பந்தங்களுக்காகச் சேமிக்கப்பட்டிருந்த மிளகில் கனிம எண்ணெய்க் கலப்பு இருப்பதாக உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கண்டு, ஆயிரக்கணக்கான டன் இருப்பை முடக்கினர். சரக்கிற்கு உரியோரின் பணம் நெடுநாள் முடங்கியது. விலையைத் தெரிவிக்கும் கணிப்பொறி ஏற்பாட்டில் பழுது ஒன்றும் நேரவில்லை. விலை நொடியில் நாடு முழுவதும் சென்றது. மூட்டைக்குள் இருந்த பொருளின் நிலை கிடங்கிலேயே தங்கிவிட்டது. எந்தச் செய்தி செல்ல வேண்டும் என்ற முதற் கேள்விக்கு "விலை" என்று மட்டும் விடை எழுதினால், விலை மட்டுமே செல்லும். தரமும் செல்ல வேண்டுமானால், எப்பொழுது, எந்தச் சோதனையின் முடிவு, யாருடைய பொறுப்பில், யாருக்குச் செல்ல வேண்டும் என்பதையும் தேவையாக எழுதியாக வேண்டும்.

தேவை ஆவணம்

திரட்டலும் பகுப்பாய்வும் முடிந்தபின் அவை ஓர் ஆவணமாகத் தொகுக்கப்பட வேண்டும். ஒவ்வொரு தேவைக்கும் வரிசை எண், அதைக் கூறியவரின் பொறுப்பு, அளவு, சோதிக்கும் முறை ஆகியவை குறிக்கப்பட வேண்டும். இன்றியமையாதவை, வேண்டத்தக்கவை, பின்னர் செய்யலாம் என்பவை என மூன்றாகப் பிரித்தால், பணம் குறையும்போது எதை விடுவது என்ற முடிவு குழப்பமின்றி அமையும். பின்னர் அவ்வாவணத்தைத் தொடர்புடைய அனைவருக்கும், கிடங்குப் பணியாளர் உட்பட, அவர்களுக்கு விளங்கும் மொழியில் படித்துக் காட்டி ஒப்புதல் பெறுதல் வேண்டும். அவ்வேளையில் "இது எங்கள் வேலை அல்லவே" என்றோ, "இதை விட்டுவிட்டீர்களே" என்றோ எழும் குரல், கருவிகள் வாங்கியபின் எழும் குறையைக் காட்டிலும் மலிவானது.

ஒப்பந்தப்புள்ளி கோரும் அதிகாரிகள் இவ்வாவணத்தையே அடிப்படையாகக் கொண்டால், விற்பனையாளர்கள் தத்தம் கருவியின் பெருமையை விடுத்து நிறுவனத்தின் தேவைக்கு விடை கூறுவர். வேலை நிறைவேறியபின் அதே ஆவணத்தை வரிவரியாக வைத்துச் சோதித்து ஏற்றுக்கொள்ளவும் இயலும். கருவிகள் சில ஆண்டுகளில் பழையனவாகி மாற்றப்படும். நிறுவனத்தின் செய்தி எங்கே பிறக்கிறது, யாரைச் சென்றடைகிறது, தவறினால் யார் இழப்புறுகிறார் என்று தெளிவாக எழுதிய ஆவணம், அடுத்த மாற்றத்திற்கும் தொடக்கமாக அமையும்.